ஒரே லத்தீன் பூசை, ஏன் இத்தனை சாமியார்கள்?

கேள்வியைப் படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவரின் அத்தை மகள் குடும்பம் அமெரிக்காவில் சின்சினாட்டி பக்கம் இருக்கிறது. சில வருடங்களாக அவர்கள் கத்தோலிக்கத்தின் பழைய முறையிலான லத்தீன் பூசைக்கு மட்டும்தான் போகிறார்கள். முதலில் ஒரு கோயிலுக்குப் போனார்கள், இப்போது வேறொரு கோயில். பழைய கோயிலில் நன்மை (பூசையில் தரும் அப்பம்) வாங்கியதைப் பாவசங்கீர்த்தனத்தில் (குருவிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறும் சடங்கில்) சொல்ல வேண்டும் என்று புதிய சாமியார் சொல்லியிருக்கிறார். "இரண்டு பேரும் அதே பழைய பூசைதானே வைக்கிறார்கள், இதிலும் சாதிச் சண்டையா?" என்று கேட்கிறார். கடைசி வரியில் போகிறபோக்கில் இன்னொன்றையும் சேர்த்திருக்கிறார். மூத்த மகளுக்கு அங்கேயே கல்யாணம் வைக்கப் போகிறார்களாம், அது செல்லுமா? என் கண்ணுக்கு அந்தக் கடைசி வரிதான் பெரிதாகப் படுகிறது. ஆனால் அதற்குப் பதில் சொல்ல முதல் கேள்வி வழியாகத்தான் போக வேண்டும்.

நான் திருச்சபைச் சட்டம் படித்தவன். மறைமாவட்டத் (ஓர் ஆயரின், அதாவது பிஷப்பின், ஆட்சிப்பகுதி) திருமண நீதிமன்றத்தில் பல வருடம் கோப்புகளோடு உட்கார்ந்தவன். லத்தீன் பூசையை விரும்புகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் கிடையாது. என் பாட்டி காலத்துப் பூசை அது. ஆனால் நான் பேசப்போவது ரோமையின், அதாவது பாப்பரசரின், சட்டத்தை ஏற்றுக்கொண்டவனாக. அந்தச் சட்டத்தையே ஏற்காத குருக்களுக்கு என் பதில் பொருந்தாது என்று அவர்கள் சொன்னால் அது நியாயம்தான்.

முதலில் லத்தீனை ஒதுக்கி வைத்துவிடுங்கள். சண்டை மொழியைப் பற்றியதாக இருந்திருந்தால் எல்லாரும் ஒரே கோயிலில் முழங்காலிட்டிருப்பார்கள். சண்டை "உன்னை யார் அனுப்பினார்?" என்பதைப் பற்றியது. கத்தோலிக்கத்தில் ஒரு குருவுக்கு இரண்டு தனித்தனி விஷயங்கள் வேண்டும். ஒன்று பட்டம்: முறையான ஆயர் ஒருவர் கைவைத்துக் குருப்பட்டம் கொடுத்திருக்க வேண்டும். மற்றது அதிகாரம்: இந்த மக்களுக்கு, இந்த இடத்தில் பணி செய் என்று திருச்சபை அவரை அனுப்பியிருக்க வேண்டும். பஸ் ஓட்டத் தெரிவது ஒன்று, அந்த ரூட்டுக்குப் பெர்மிட் இருப்பது வேறு. பட்டம் இருந்தால் அவர் வைக்கும் பூசை உண்மையான பூசைதான், அனுமதி இல்லாமல் வைத்தாலும் சரி. ஆனால் பாவமன்னிப்புக்கும் திருமணத்துக்கும் பட்டம் மட்டும் போதாது, அதிகாரமும் வேண்டும். பழைய பூசையை விடாத பாரம்பரியக் குழுக்களின் சண்டைகள் அத்தனையும் இந்த இரண்டில் ஏதோ ஒன்றில்தான் வந்து நிற்கும். அந்தக் குருவின் பட்டத்தைச் சந்தேகிக்கிறார்களா, அதிகாரத்தைச் சந்தேகிக்கிறார்களா என்று கேட்டுவிட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1962 முதல் 1965 வரை நடந்தது. அதன் பின் பாப்பரசர் ஆறாம் பவுல் 1969ல் புதிய பூசைப் புத்தகத்தை வெளியிட்டார். இதை ஏற்க முடியாது என்று எழுந்தவர்களில் முக்கியமானவர் பிரெஞ்சுக்காரரான பேராயர் மார்செல் லெஃபேவ்ர். செனகலின் டக்காரில் பேராயராக இருந்தவர், பரிசுத்த ஆவி சபைக் குருக்களின் உலகத் தலைவராகவும் இருந்தவர். 1970ல் சுவிட்சர்லாந்தில், உள்ளூர் ஆயரின் அனுமதியோடுதான், பத்தாம் பயஸ் சபையைத் தொடங்கினார். எகோன் என்ற ஊரில் குருமடம் வந்தது. 1975ல் அந்த அனுமதி திரும்பப் பெறப்பட்டது. 1976ல் தடையை மீறிக் குருப்பட்டம் கொடுத்தார், பணித்தடை விதிக்கப்பட்டது. அவர் நிற்கவில்லை. அனுமதியோடு தொடங்கிய சபை அனுமதியில்லாமல் வளர்ந்த கதை இது. அதனால்தான் அவரைப் பின்பற்றுகிறவர்கள் இன்றுவரை "நாங்கள் வெளியே போகவில்லை" என்கிறார்கள்.

உங்கள் உறவினர் அமெரிக்காவில் இருப்பதால் முதலில் பார்க்க வேண்டிய பிளவு 1983ல் அங்கே நடந்தது. பத்தாம் பயஸ் சபையின் அமெரிக்கக் குருக்களில் ஒன்பது பேரை லெஃபேவ்ரே வெளியேற்றினார். அந்த வட்டத்தில் இன்றைக்கும் 'ஒன்பது பேர்' என்று சொன்னால் போதும், எல்லாருக்கும் புரியும். கிளாரன்ஸ் கெல்லி, டேனியல் டோலன், டொனால்ட் சான்பார்ன், அந்தோணி செகாடா ஆகியோர் அதில் இருந்தார்கள். காரணம் என்ன? எல்லாரும் 1962ஆம் ஆண்டுப் பூசைப் புத்தகத்தையே பயன்படுத்த வேண்டும் என்றார் லெஃபேவ்ர். அதில் இருபத்து மூன்றாம் யோவான் செய்த மாற்றங்கள் இருக்கின்றன, இன்னும் பழைய முறைதான் வேண்டும் என்றார்கள் இவர்கள். புதிய சடங்குமுறையில் பட்டம் பெற்ற ஒருவரை, மறுபடி பட்டம் கொடுக்காமலே சபையில் பணியாற்ற விட்டதும் அவர்களுக்குப் பிடிக்கவில்லை. மறைமாவட்டங்கள் செல்லாது என்று அறிவித்த திருமணங்களைச் சபை அப்படியே ஏற்பது சரியா என்ற சச்சரவும் இருந்தது. இவற்றுக்கெல்லாம் அடியில் ஒரு கேள்வி கிடந்தது: ரோமையில் இருப்பவர் உண்மையில் பாப்பரசர்தானா? லெஃபேவ்ர் ஆம் என்றார். ஒன்பது பேரில் பலர் இல்லை என்ற பக்கம் சாய்ந்திருந்தார்கள். கோயில் சொத்துகள் யாருக்கு என்று நீதிமன்றம் வரை போனார்கள்.

கவனியுங்கள், ரோமையின் கட்டளையை மீறலாம் என்று சொன்னவரிடமிருந்தே, அவர் கட்டளையை மீறலாம் என்று சொல்லிப் பிரிந்தார்கள். இதைக் கேலியாகச் சொல்லவில்லை. கடைசித் தீர்ப்பு சொல்லும் இடத்தை நிறுத்தி வைத்துவிட்டால், அடுத்த தகராறைத் தீர்க்கவும் இடம் இருக்காது. இந்தக் குழுக்களின் வரலாற்றில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதைத்தான். ஆளுக்கொரு கெட்ட எண்ணம் என்று விளக்கத் தேவையே இல்லை. அவர்களில் மிகவும் எளிமையாக வாழ்கிறவர்கள், நாளெல்லாம் பிரயாணம் செய்து நாலு ஊரில் பூசை வைக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

கெல்லியும் உடன் வந்தவர்களும் ஐந்தாம் பயஸ் சபையைத் தொடங்கினார்கள். அப்புறம் அந்த ஒன்பது பேரும் ஒன்றாக நிற்கவில்லை. அங்கேதான் உங்கள் உறவினர் கேட்ட "அங்கே நன்மை வாங்காதே" என்ற பேச்சின் வேர் இருக்க வாய்ப்பு அதிகம். விஷயம் இதுதான்: ஆயர் இல்லாமல் புதிய குருக்கள் வர முடியாது. பாப்பரசரின் அரியணை காலியாக இருக்கிறது, ரோமையில் இருப்பவர் உண்மையான பாப்பரசர் இல்லை என்று சொல்லும் குழுவுக்கு ஆயர் எங்கிருந்து வருவார்? வியட்நாமில் ஹுயே நகரின் பேராயராக இருந்த நோ தின் துக் என்பவரிடமிருந்து வந்தார்கள். அவர் தென் வியட்நாம் அதிபர் நோ தின் தியெமின் அண்ணன். தம்பி 1963ல் கொல்லப்பட்டபின் ஊர் திரும்ப முடியாமல் ஐரோப்பாவிலேயே தங்கிவிட்டவர். 1976ல் ஸ்பெயினில் பால்மார் தெ திரோயா என்ற ஊரில், மாதா காட்சி கொடுத்ததாகச் சொன்ன கூட்டத்துக்கு ஆயர்களை அபிஷேகம் செய்தார். அந்தக் கூட்டம் பிறகு தனக்கென்று ஒரு பாப்பரசரையே வைத்துக்கொண்டது. துக் அதற்கு மன்னிப்புக் கேட்டு ரோமையோடு சமாதானமானார். ஆனாலும் 1981ல் பிரான்சின் தூலோனில், தாம் தங்கியிருந்த வீட்டிலேயே, கெரார் தே லோரியே என்ற தொமினிக்கன் சபை இறையியலாளரை ஆயராக்கினார். அதே ஆண்டு மெக்சிகோக் குருக்கள் இருவரையும் ஆயராக்கினார். இன்று அரியணை காலி என்று சொல்லும் ஆயர்களில் பெரும்பாலோர் இந்த வரிசையில் வந்தவர்கள்.

இப்போது 1993ஆம் ஆண்டைப் பாருங்கள். அந்த ஒன்பது பேரில் இருவர் ஒரே வருடத்தில், சில வார இடைவெளியில் ஆயரானார்கள். டோலனை அபிஷேகம் செய்தவர் துக் வரிசையில் வந்த மார்க் பிவருணாஸ், அமலோற்பவ அரசி மரியா சபையின் தலைவர். கெல்லியை அபிஷேகம் செய்தவர் போர்ட்டோ ரிக்கோவின் அரெசிபோவில் ஆயராக இருந்து ஓய்வு பெற்ற அல்ஃப்ரெடோ மெண்டஸ். மெண்டஸ் இறந்த பிறகுதான் அது வெளியே தெரிந்தது. கெல்லியின் சபை துக் வரிசையை ஏற்பதில்லை. அந்த முதியவர் தெளிந்த மனதோடு செய்தாரா என்பது நிரூபணமாகவில்லை, எனவே அவர் வழி வந்த பட்டங்கள் சந்தேகத்துக்குரியவை, சந்தேகமான பட்டத்தில் நன்மை வாங்கக் கூடாது என்பது அவர்கள் வாதம். எதிர்த்தரப்பு, சடங்கை முறையாகச் செய்தார், சாட்சிகள் இருக்கிறார்கள், அதற்கு மேல் என்ன வேண்டும் என்கிறது. ஒரு காலத்தில் ஒரே பீடத்தில் நின்றவர்களின் மக்கள் இன்று ஒருவர் கோயிலில் மற்றவர் நன்மை வாங்க முடியாத நிலை.

இதில் யார் சரி? ரோமை இந்த அபிஷேகங்களைப் பற்றி 1976லும் 1983லும் தீர்ப்பு எழுதியது. இந்தப் பட்டங்களைத் திருச்சபை அங்கீகரிக்கவில்லை, அங்கீகரிக்கவும் போவதில்லை, இவர்கள் முன்பிருந்த நிலையிலேயே இருப்பதாகக் கருதும் என்றது. பட்டம் உள்ளபடியே செல்லுமா என்ற கேள்விக்குள் போகாமல் விலகிக்கொண்டது. நான் சட்டம் படித்த முறையில் எனக்கு அவை செல்லும் என்றே தோன்றுகிறது. சடங்கை ஒழுங்காகச் செய்தவர் மனமும் அதில் இருந்தது என்று எடுத்துக்கொள்வதே நம் வழக்கம். ஆனால் இது என் கணிப்பு, தீர்ப்பு இல்லை.

பட்டம் பற்றிய சந்தேகம் இன்னொரு பக்கமும் பாயும். ஆயரை அபிஷேகம் செய்யும் சடங்கை ஆறாம் பவுல் 1968ல் மாற்றினார். அந்தப் புதிய செபம் செல்லாது என்று அரியணை காலி என்பவர்கள் பலர் சொல்கிறார்கள். அப்படியானால் அதன்படி ஆயரானவர் கொடுக்கும் குருப்பட்டமும் செல்லாது. ரோமையின் முழு அனுமதியோடு அழகாக லத்தீன் பூசை வைக்கும் குருகூட அவர்கள் கணக்கில் குருவே இல்லை. இந்த வாதத்தில் எனக்குத் துளியும் நம்பிக்கை கிடையாது. அந்தச் செபம் மிகப் பழைய மூலத்திலிருந்து எடுக்கப்பட்டது. அதே மூலத்தின் சாயலுள்ள செபங்களைக் கீழைத் திருச்சபைகள் நூற்றாண்டுகளாகச் சொல்லி ஆயர்களை ஆக்கியிருக்கின்றன.

இன்னும் நுணுக்கமான தகராறுகளும் உண்டு. பூசையின் நடுச்செபத்தில் பாப்பரசரின் பெயரைச் சொல்ல வேண்டும். அரியணை காலி என்பவர் சொல்லமாட்டார். சரி, பெயர் சொல்லும் பூசையில் விசுவாசிகள் பங்கெடுக்கலாமா? கூடவே கூடாது என்று சான்பார்னும் செகாடாவும் எழுதினார்கள். அதே கொள்கையுள்ள வேறு சிலர், பக்கத்தில் வேறு பூசை இல்லையென்றால் போகலாம் என்பார்கள். கெரார் தே லோரியே இதில் ஒரு நடுவழி கண்டார்: ரோமையில் இருப்பவர் தேர்தல் வழியாக அரியணைக்கு உரியவராக இருக்கிறார், ஆனால் பாப்பரசருக்குரிய அதிகாரம் அவரிடம் இல்லை. புனித வாரச் சடங்குகளை 1955ல் மாற்றியவர் பன்னிரண்டாம் பயஸ், இவர்கள் எல்லாருமே கடைசி உண்மையான பாப்பரசர் என்று கொண்டாடுகிறவர். அவர் மாற்றத்தை பிவருணாஸின் சபை அனுசரிக்கிறது, டோலன், சான்பார்ன் வழியினர் அனுசரிப்பதில்லை. அதாவது பாப்பரசர் என்று ஒப்புக்கொண்டவரின் புத்தகத்தையும் ஓரமாக வைக்கலாம். இதை எப்படி நியாயப்படுத்துகிறார்கள் என்று படித்திருக்கிறேன், சாமர்த்தியமான வாதம்தான்.

லெஃபேவ்ர் பக்கம் திரும்பினால் 1988. வயதாகிவிட்டது, தமக்குப் பின் யார் பட்டம் கொடுப்பார்கள் என்ற கவலை அவருக்கு. மே 5 அன்று கர்தினால் ராட்சிங்கரோடு (பின்னாளில் பாப்பரசர் பதினாறாம் பெனடிக்ட்) ஓர் உடன்பாட்டில் கையெழுத்திட்டார். மறுநாளே பின்வாங்கினார். ஜூன் 30 அன்று, பிரேசிலின் கம்போஸ் மறைமாவட்டத்தின் ஓய்வுபெற்ற ஆயர் கஸ்த்ரோ மாயர் துணைநிற்க, பாப்பரசரின் ஆணையில்லாமல் நான்கு ஆயர்களை அபிஷேகம் செய்தார். இரண்டாம் யோவான் பவுல் அதைப் பிளவுச் செயல் என்றும், சம்பந்தப்பட்ட ஆயர்கள் திருச்சபைக்குப் புறம்பானார்கள் என்றும் அறிவித்தார். அந்த அபிஷேகத்தை ஏற்க மனமில்லாத லெஃபேவ்ரின் குருக்களே சிலர் வெளியேறி, அடுத்த மாதமே புனித பேதுரு குருக்கள் சபையைத் தொடங்கினார்கள். ரோமை அங்கீகரித்தது. அவர்களும் 1962 புத்தகத்தைத்தான் பயன்படுத்துகிறார்கள், பத்தாம் பயஸ் சபையும் அதையேதான். நீங்கள் இரண்டு கோயிலிலும் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்தால் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. ஒருவர் ஆயரின் அனுமதியோடு நிற்கிறார், மற்றவர் இல்லாமல் நிற்கிறார். கிறிஸ்து அரசர் நிறுவனம், நல்ல மேய்ப்பர் நிறுவனம் என்று அனுமதி பெற்ற வேறு சபைகளும் உண்டு.

நமக்கு இது அவ்வளவு அந்நியமும் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நம் கடற்கரை ஊர்களில் போர்த்துக்கீசிய ஆயர்களின் கீழிருந்த கோவா குருக்களுக்கும் ரோமை நேரடியாக அனுப்பிய குருக்களுக்கும் நடந்தது இதே சண்டை. அதே லத்தீன், அதே பூசை, அதே செபமாலை. ஊர் இரண்டாகப் பிரிந்து ஆளுக்கொரு சாமியாரை வைத்துக்கொண்டது. 1838ல் பதினாறாம் கிரகோரி போர்த்துக்கீசிய ஆயர்களின் அதிகாரத்தைக் குறுக்கியபோது, அந்த ஆணை உண்மையா போலியா என்றுகூட வாதாடினார்கள். சென்னையும் மயிலாப்பூரும் ஒரே மறைமாவட்டமாக இணைந்தது 1952ல்தான். பத்தாம் பயஸ் சபைக்குப் பாளையங்கோட்டையில் ஓர் இல்லம் இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். லத்தீன் பூசைத் தகராறு ஏதோ வெள்ளைக்காரர் விவகாரம் என்று நினைப்பவர்களுக்காக.

பத்தாம் பயஸ் சபை பிறகும் உடைந்தது. பதினாறாம் பெனடிக்ட் 2009ல் அந்த நான்கு ஆயர்களின் தண்டனையை நீக்கினார். ரோமையோடு பேச்சுவார்த்தை நடந்தது. அதை எதிர்த்த, அந்த நால்வரில் ஒருவரான வில்லியம்சன் 2012ல் சபையிலிருந்து நீக்கப்பட்டு, 2015ல் தாமே ஆயர்களை உண்டாக்கத் தொடங்கினார். யூதப் படுகொலையை மறுத்துப் பேசிப் பெயர் கெட்டவர் அவர்தான். அவர் வழியினர் தங்களை 'எதிர்ப்பு' என்று அழைத்துக்கொள்கிறார்கள். 2021ல் பாப்பரசர் பிரான்சிஸ் மறைமாவட்டக் கோயில்களில் பழைய பூசைக்குக் கடும் கட்டுப்பாடு போட்டார். பல ஊர்களில் ஆயரின் அனுமதியோடு நடந்துகொண்டிருந்த பூசை நின்றுபோனது. அங்கே போய்க்கொண்டிருந்த குடும்பங்கள் வேறு இடம் தேடின. உங்கள் உறவினர் கோயில் மாறியதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம்.

பத்தாம் பயஸ் சபையின் நிலை என்ன? பெனடிக்ட் 2009 மார்ச்சில் ஆயர்களுக்கு எழுதிய கடிதத்தில் தெளிவாகவே சொன்னார்: சபைக்குத் திருச்சபையில் சட்டப்படியான இடம் இல்லை, அதன் குருக்கள் முறையான பணி எதையும் செய்யவில்லை. அதே நேரம் அங்கே ஞாயிறு பூசைக்குப் போவதால் மட்டும் ஒருவர் பிளவுக்காரர் ஆகிவிடமாட்டார். ஹவாயில் ஹொனலுலு ஆயர் 1991ல் அந்தச் சபையோடு உறவு வைத்த பொதுநிலையினர் ஆறு பேரைத் திருச்சபைக்குப் புறம்பாக்கினார். 1993ல் ரோமை அந்தத் தண்டனை செல்லாது என்றது. எனவே உங்கள் அத்தை மகள் அந்தச் சபைக் கோயிலுக்குப் போயிருந்தால் அதற்காக யாரும் அவரைப் பயமுறுத்த வேண்டியதில்லை. அடிக்கடி போகப்போகப் பிளவு மனநிலையே வந்துவிடாதா என்பது மேய்ப்புப்பணிக் கவலை. அதில் நல்லவர்களே இரண்டு விதமாகப் பேசுவார்கள்.

இனி பாவசங்கீர்த்தனமும் கல்யாணமும். 2015ல் தொடங்கிய இரக்கத்தின் ஆண்டுக்காக பிரான்சிஸ் பத்தாம் பயஸ் சபைக் குருக்களுக்குப் பாவமன்னிப்பு வழங்கும் அதிகாரம் கொடுத்தார், 2016ல் அதைக் காலவரையின்றி நீட்டித்தார். ஆகவே அவர்களிடம் செய்யும் பாவசங்கீர்த்தனம் செல்லும். திருமணத்துக்கு 2017ல் வேறு ஏற்பாடு வந்தது: மறைமாவட்ட ஆயர் ஒரு குருவை அனுப்பி மணமக்களின் சம்மதத்தைக் கேட்கச் செய்யலாம், அது முடியாத இடத்தில் அந்தச் சபைக் குருவுக்கே அனுமதி தரலாம். இரண்டுக்கும் ஆயரின் வெளிப்படையான அனுமதி வேண்டும். தானாக வராது.

ஐந்தாம் பயஸ் சபை, துக் வரிசை, தனித்து நிற்கும் குருக்கள் இவர்களுக்கு இந்தச் சலுகை எதுவும் கிடையாது. மரண ஆபத்தில் எந்தக் குருவும் பாவமன்னிப்புக் கொடுக்கலாம், அது தனி. மற்றபடி ரோமையின் சட்டப்படி அவர்களுக்கு அதிகாரம் இல்லை. நெருக்கடிக் காலத்தில் திருச்சபையே குறையை நிரப்பிக்கொடுக்கும் என்று அவர்கள் வாதிடுவார்கள். திருமணத்துக்குச் சட்ட எண் 1116ஐக் காட்டுவதும் உண்டு: அதிகாரம் பெற்ற குரு ஒரு மாதம் வரை கிடைக்கமாட்டார் என்ற நிலையில் சாட்சிகள் முன் மட்டும் செய்யும் திருமணம் செல்லும் என்பது அந்த விதி. காட்டுக்கும் சிறைக்கும் எழுதிய விதி அது. சின்சினாட்டி போன்ற நகரத்தில், கூப்பிடு தூரத்தில் பங்குக் குரு இருக்கும்போது, எந்தத் திருமண நீதிமன்றமும் அதை ஏற்று நான் பார்த்ததில்லை. அப்படி நடந்த திருமணம் பின்னால் முறிந்தால் நீண்ட விசாரணைகூடத் தேவைப்படாது, ஆவணங்களைப் பார்த்தே செல்லாது என்று சொல்லிவிடுவோம். முறியாமல் நன்றாக வாழ்ந்தாலும் ஒருநாள் பங்கில் சான்றிதழ் கேட்கும்போது தலைவலி வரும். அதைச் சீராக்க வழி இருக்கிறது, ஆனால் முதலிலேயே சரியாகச் செய்வது எளிது.

எனவே அத்தை மகளிடம் கொள்கை பேசாதீர்கள், பேசி யாரும் மாறி நான் பார்த்ததில்லை. சாமியாரிடம் இரண்டு விஷயம் கேட்கச் சொல்லுங்கள்: உங்களுக்குப் பட்டம் கொடுத்த ஆயர் யார், இந்தத் திருமணத்துக்கு சின்சினாட்டி பேராயரின் எழுத்துப்பூர்வ அனுமதி உண்டா? நேர்மையான குரு இரண்டுக்கும் முகம் சுளிக்காமல் பதில் சொல்வார், பதில் "இல்லை" என்றாலும்கூட. புனித பேதுரு சபை, கிறிஸ்து அரசர் நிறுவனம் அல்லது மறைமாவட்டக் குரு என்றால் கவலையே வேண்டாம், அவர்களே ஆயர் அலுவலகத்தில் எல்லாம் முடித்து வைப்பார்கள். பத்தாம் பயஸ் சபை என்றால் அந்த அனுமதிக் கடிதத்தின் நகலை வாங்கி வைத்துக்கொள்ளட்டும். மற்றவர்கள் என்றால், கல்யாண நாள் குறிப்பதற்கு முன் உயர்மறைமாவட்ட அலுவலகத்துக்கு மணப்பெண்ணே ஒரு போன் செய்வது நல்லது. சின்னப் பிள்ளைகளுக்கு அந்தக் கோயில்களில் ஞானஸ்நானம் கொடுத்திருந்தால் அதைப் பற்றிப் பயப்பட வேண்டாம். தண்ணீர் ஊற்றித் திரித்துவத்தின் பெயரால் கொடுத்திருந்தால் அது செல்லும், சான்றிதழை மட்டும் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லுங்கள்.